எண்ணுமுன் உணரும் மூளை

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு கடைமுன் திரண்டோரைக் கண்டால் ‘ஐம்பது அறுபது பேர்’ என்கின்றோம். ‘ஐம்பது ஐம்பத்தொரு பேர்’ என எவரும் கூறார். சிறு தொகையாயின் ‘நாலைந்து பேர்’ என்போம். தொகை பெருகுந்தோறும் இடைவெளியும் விரிவதைத் தமிழ் வழக்கே காட்டுகின்றது. மூளை அளவை உணரும் முறையும் இத்தகையதே. அது வேறுபாட்டைவிட விகிதத்தையே நோக்குகின்றது.

இவ்வுணர்வு பிறவியிலேயே அமைந்தது. பிறந்து சில நாள்களேயான குழவியர், 4 ஒலிகளையோ 12 ஒலிகளையோ கேட்டபின், அவ்வெண்ணிக்கைக்கு ஒத்த படத்தையே நெடிது நோக்கினர் என 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆறு திங்கட் குழந்தை 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்தியது. 8ஐயும் 12ஐயும் வேறுபடுத்தவில்லை என்பது 2000ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. வளர்ந்தோரோ அதனினும் நெருங்கிய விகிதங்களையும் எண்ணாமலே உணர்வர். இரு பருவத்தும் இப்பணியில் மூளையின் உச்சி மடல் சிறப்பிடம் பெறுகின்றது. மூளையின் அடித்தளமோ கருவறையிலேயே அமைகின்றது; அக்கருப்பருவ மூளைகளின் 5,132 வெட்டுகளைப் படமாக்கி, அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி. 2024இல் வெளியிட்டமை நம் நகருக்குப் பெருமை.

ஆயினும், துல்லியமான எண் மொழியால் வாய்ப்பது. மூன்று அகவைக் குழந்தை பத்துவரை ஒப்பிக்கும். மூன்று புளியங்கொட்டை கேட்டால் கைநிறைய அள்ளித் தரும். ஒப்பித்தல் எண்ணறிவாகாது. மழலையர் பள்ளியில் இடம்பெற வேண்டி நூறுவரை மனனம் செய்விப்பதினும், பல்லாங்குழியில் ஒவ்வொரு முத்தாக இட்டு எண்ணப் பழக்குவதே நன்று. சொல்லும் பொருளும் கூடுமிடத்தே எண் பிறக்கின்றது என்பதை ஆசிரியராகிய நாமும் பெற்றோரும் உளங்கொள்வோமாக.