டிரிகரை மாற்றத் துடிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. சிம்பாங் அம்பாட்டைச் சுற்றி மறுநடவு செய்த தோட்டங்களின் நிலைமை உனக்கே தெரியும். இரவில் பன்றிக் கூட்டம் இறங்கினால், விடியும்போது செம்பனைக் கன்றுகள் சாய்ந்து கிடக்கும். அடித்தண்டைக் கிழித்துக் குருத்தைத் தின்றிருக்கும். கடன் வாங்கி நட்டவனுக்கு அது எவ்வளவு பெரிய அடி! பயிரைக் காக்க நீ துப்பாக்கி எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் கடிதத்தின் கடைசியில், எந்தக் கம்பெனி டிரிகரை வாங்கி மாட்டலாம் என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு என் பதில்: எதையும் மாட்டாதே. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் சட்டம். நம் மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உறுப்பையும் ஆயுதமாகவே பார்க்கிறது. வெளிநாட்டிலிருந்து தபாலில் டிரிகர் வரவழைப்பது சட்டை வாங்குகிற காரியம் அல்ல. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் அந்தச் சட்டப்படியே ஏழு ஆண்டு வரை சிறை. துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால் பதினான்கு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். பழுது பார்ப்பதானாலும் லைசென்ஸ் உள்ள கடையில்தான் கொடுக்க வேண்டும். வீட்டு மேசையில் அரத்தை எடுத்து உட்காராதே.

இரண்டாவது, நம் வேட்டையின் தன்மை. நீ காணொளியில் பார்த்த அமெரிக்கர்கள் வளைகளில் வாழும் சிறு பிராணிகளை 200, 300 மீட்டர் தொலைவிலிருந்து சுடுகிறார்கள். ரைஃபிளை மேசையில் சாய்த்து வைத்து, தொலைநோக்கி வழியே பார்த்துச் சுடுவது அது. எதிரே வெட்டவெளி. அதற்காகத்தான் டிம்னி, டிரிகர்டெக் போன்ற கம்பெனிகளின் டிரிகரை வாங்கி, இழுவையை, அதாவது டிரிகரை இழுக்கத் தேவையான விசையை, ஒரு கிலோவுக்கும் கீழே இறக்கிக்கொள்கிறார்கள். சாதாரண வேட்டை ரைஃபிளில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் டிரிகர் இழுவைக்குக் கீழ்வரம்பே கிடையாது. ஆனால் அங்கே குறிப்பலகையைத் தவிர எதிரே யாரும் இல்லை. அதே 10 மீட்டரில் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் இருந்தாக வேண்டும் என்று விதி.

உன் எதிரே என்ன இருக்கிறது? கையில் ஷாட்கன். பன்றி வருவது 20, 30 மீட்டர் தூரத்தில். மழையில் நனைந்த மட்டைக் குவியலைத் தாண்டும்போது கால் வழுக்கும், விரல் வியர்த்திருக்கும். அந்தக் குவியலுக்கு அப்பால் உதிரிப்பழம் பொறுக்க ஒரு அம்மா குனிந்திருக்கலாம். மங்கலான வெளிச்சத்தில் குனிந்த முதுகும் பன்றியின் முதுகும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். பன்றிக்குப் போடும் பக்ஷாட் தோட்டாவில் பெரும்பாலும் ஒன்பது குண்டுகள். விரல் பட்டதும் வெடிக்கிற டிரிகர், யோசிக்க உனக்குக் கிடைக்கும் அந்த அரை நொடியையும் பறித்துவிடும்.

மூன்றாவது, டிரிகரின் நம்பகத்தன்மை. ஸ்பிரிங் அழுத்தத்தில் பாயத் துடிக்கும் சுத்தியலைத் தடுத்து நிற்பது சியர் என்ற சிறு இரும்பு விளிம்பு. இலகுவான டிரிகரில் அந்தப் பிடி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கொஞ்சம் துரு, இறுகிப்போன எண்ணெய், ஒரு மணல் பொடி, எது புகுந்தாலும் கணக்கு மாறிவிடும். 2014 ஏப்ரலில் ரெமிங்டன் கம்பெனி, 2006 முதல் செய்த 700 மாடல் ரைஃபிள்களில் எக்ஸ்-மார்க் புரோ டிரிகர் உள்ளவற்றைத் திரும்ப அழைத்தது. காரணம், பொருத்தும்போது பூசிய பிசின் சற்று அதிகமாகிவிட்டது; விரல் படாமலே வெடிக்கும் ஆபத்து இருந்தது. அனுபவமுள்ள தொழிற்சாலையிலேயே இப்படி என்றால், வீட்டில் திருகாணி முடுக்குகிறவன் கதி என்ன?

ஆகவே புதிது தேடாதே, இருப்பதைச் சோதி. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, குழல் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார். பாதுகாப்பான பக்கம் குழலைத் திருப்பிக்கொள். சுத்தியலை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்தமாக இழு. விரலை முழுதாக எடுத்த பிறகு சேஃப்டியை விடுவி. அப்போது ‘டக்’கென்று சத்தம் வந்தால் அந்தத் துப்பாக்கி தோட்டத்துக்குப் போகக் கூடாது. சத்தம் இல்லையென்றால், கொக்கித் தராசை டிரிகரில் மாட்டிப் பலமுறை இழுத்துப் பார். ஒருமுறை இரண்டு கிலோ, மறுமுறை ஒன்றரை என்று தடுமாறினால் கடைக்காரரிடம் கொண்டுபோ. ஒவ்வொரு முறையும் ஒரே எடையில் விடுபடுவதுதான் நல்ல டிரிகர். இழுவை கனம் என்பது குறையே அல்ல. பழகப் பழக விரலுக்கு அது கனமாகத் தெரியாது.

நாளைக்கே நீ ஆஸ்திரேலியா பக்கம் பண்ணை வேலைக்குப் போய், முறையாக ரைஃபிள் வாங்கி, சட்டப்படி டிரிகர் மாற்றும் நிலை வந்தாலும் இதே வரிசையில் பார்: இழுக்காமல் வெடிக்கக் கூடாது, இழுத்தால் எப்போதும் ஒரே மாதிரி விடுபட வேண்டும், தூசுக்கும் ஈரத்துக்கும் தாங்க வேண்டும். எவ்வளவு இலகு என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பிறகு. பொருத்துவதையும் துப்பாக்கி மெக்கானிக்கிடமே விடு.

வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் காட்டுப்பன்றி வேட்டைக்கு இறங்காதே. இன்னதென்று தெளிவாகத் தெரியும்வரை விரலை டிரிகர் வளையத்துக்குள் நுழைக்காதே. பன்றி தப்பினால் நாளை மறுபடியும் வரும். மனிதர் மேல் பட்ட குண்டைத் திரும்ப எடுக்க முடியாது. இதை மட்டும் மறந்துவிடாதே, தம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்