மூன்று எழுத்தில் நான்கு தலைமுறை

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் 'வரலாறு என்றால் என்ன?' பாடம் நடத்தும்போதெல்லாம் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்வது என் வழக்கம். கட்டங்கள் போட்ட தாளை நானே நகல் எடுத்துக் கொடுத்துவிடுவேன். மேலே தாத்தா பாட்டி, நடுவில் அப்பா அம்மா, கீழே மாணவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி அந்தத் தாளின் இடப்பக்கம் முழுவதையும் காலியாக விட்டுக் கொண்டுவந்தாள். "அப்பா பக்கம் எழுத எங்க வீட்டுல யாருக்கும் தெரியல டீச்சர்" என்றாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தாளை மடித்துக்கொண்டாள். கட்டம் போட்டது நான்தான், தவறும் என்னுடையதுதான். அதன்பின் அந்தத் தாளை நான் நகல் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகச் செய்து பார்த்ததைத்தான் இங்கே பகிர்கிறேன்.

காரைக்குடிப் பகுதியில் பாடத்தைத் தொடங்க நல்ல வழி கிரிக்கெட். சேப்பாக்கம் மைதானத்தின் பெயர் என்ன என்று கேட்டால் வகுப்பே கத்தும்: எம்.ஏ. சிதம்பரம் மைதானம். அந்த 'எம்.ஏ.' படித்து வாங்கிய பட்டமா? பாதி வகுப்பு ஆம் என்றது. இல்லை. எம் என்பது தாத்தா முத்தையா, ஏ என்பது அப்பா அண்ணாமலை. 1929 இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்தான் அந்த அப்பா. சிதம்பரத்தின் மகன் ஏ.சி. முத்தையா, இப்போது தாத்தா அண்ணாமலை 'ஏ' ஆகிவிட்டார், அப்பா சிதம்பரம் 'சி' ஆகிவிட்டார். சிதம்பரத்தின் அண்ணன் ராஜா சர் முத்தையா செட்டியாரின் மகன் எம்.ஏ.எம். ராமசாமி. கரும்பலகையில் இந்தப் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் மரம் வந்துவிட்டது. எம்.ஏ.எம். என்ற மூன்று எழுத்தோடு சொந்தப் பெயரையும் சேர்த்தால் நான்கு தலைமுறை.

இதில் ஒரு சிக்கலையும் பிள்ளைகளே கண்டார்கள். முத்தையா திரும்பத் திரும்ப வருகிறாரே, எந்த முத்தையா? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நகரத்தார் வழக்கம் என்பதால் பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை சுழன்று வரும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பேரனைத் தாத்தாவாக்கிவிடுவோம். ஊர், கோவில், ஆண்டு மூன்றும் வேண்டும்.

அங்கிருந்து ஒன்பது நகரக் கோவில்களுக்குப் போனோம்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை என்பதால் அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. திருமணத்தின்போது கோவிலிலிருந்து மாலை வரும். மணமான ஆண் மனைவியோடு சேர்ந்து ஒரு 'புள்ளி'யாகக் கோவில் கணக்கில் ஏறுவார். இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தத்தில் ஊர், கோவில், தந்தை பெயர் எல்லாம் இருக்கும். முன்பு அது ஓலையில் எழுதப்பட்டது.

இங்கிலாந்திலும் இப்படித்தான். 1538 இல் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு பங்குத் திருச்சபையும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று ஆணையிட்டார். அரசே பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியது 1837 இல்தான். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுக்கு ஒரு சாதாரண உழவர் குடும்பத்தைத் தேடுபவருக்கும் அந்த ஏடுகளே முதன்மையான ஆதாரம். நம் சென்னையிலேயே அத்தகைய ஏடு உண்டு. கோட்டைக்குள் இருக்கும் தூய மேரி ஆலயம் 1680 இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதே ஆண்டு அங்கே எலிஹு யேலின் திருமணம் பதிவானது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான்.

இரண்டையும் அருகருகே வைத்தபோது வகுப்பில் நல்ல கேள்விகள் வந்தன. ஞானஸ்நானம் பெறாத குழந்தை? ஏட்டில் இல்லை. மணமாகாமல் இறந்தவர்? புள்ளி இல்லை. பெண்? திருமணத்தோடு கணவரின் கோவிலுக்கு மாறிவிடுகிறாள். தத்துப் போன பிள்ளை? சுவிகாரம் போனவரின் தலைப்பெழுத்து மாறிவிடும். ஆக, ஏட்டில் 'மகன்' என்றிருந்தால் பெற்ற மகன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏடு எழுதியவருக்கு எது தேவைப்பட்டதோ அதுவே ஏட்டில் இருக்கிறது. பாடநூலில் 'சான்றுகள்' என்று ஒரு வரியில் கடந்துபோவதைப் பிள்ளைகள் இங்கேதான் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் என் வகுப்பில் பெரும்பாலோருக்கு நகரக் கோவிலும் கிடையாது, இசைகுடிமானமும் கிடையாது. அந்த அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள், தச்சர்கள், அங்கே சமைத்தவர்கள், வயல் வேலை செய்தவர்கள் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு எந்த ஏடு? அப்போதுதான் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடு நினைவுக்கு வந்தது. அரசுப் பள்ளியில் காலடி வைத்த எல்லாக் குழந்தையும் அதில் உண்டு. ஊர், பெற்றோர் அல்லது காப்பாளர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள்.

செய்ய நினைப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பதிவேட்டை மாணவர் கையில் கொடுக்காதீர்கள்; தலைமையாசிரியர் அனுமதியோடு தேவையான கலங்களை மட்டும் நாமே பார்த்து எழுதித் தரலாம். சாதிக் கலத்தை எழுதவே வேண்டாம். மற்றொன்று, 1985 க்கு முந்தைய பக்கங்களில் மாவட்டம் ராமநாதபுரம் என்றிருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது அதன் பிறகுதான். குடும்பம் இடம் பெயர்ந்துவிட்டது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள்.

வீட்டுப்பாடத்தையும் மாற்றினேன். மரம் வேண்டாம், உங்கள் வீட்டில் யாராவது ஒருவர், அவரைப் பற்றி இரண்டு சான்றுகள், அவ்வளவுதான். அந்த மாணவி தன் அம்மாச்சியைத் தேர்ந்தெடுத்தாள். அம்மாச்சி நம் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு வரை படித்தாராம். எந்த ஆண்டு என்று தெரியாது. தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது தான் தவழும் குழந்தை என்று மட்டும் அவர் தாய் சொல்லியிருக்கிறார். புயல் 1964 டிசம்பர். நான்கைந்து ஆண்டு கூட்டி, 1969 ஐ ஒட்டிய பக்கங்களில் தேடினேன். இல்லை. முன்னே புரட்டினேன். 1967 ஜூனில் கிடைத்தது. பிறந்த தேதி 1.6.1962.

வகுப்பில் வாக்குவாதம். 62 இல் பிறந்தவர் 64 இல் எப்படித் தவழுவார்? பதிவேடு பொய்யா, அம்மாச்சியின் தாய் சொன்னது பொய்யா? ஜூன் முதல் தேதி என்று பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பழைய பதிவேடுகளில் பாதி ஊர் ஜூனில் பிறந்திருக்கும். ஐந்து வயது நிரம்பவேண்டும் என்பதற்காக அன்றைய ஆசிரியர் தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதிய தேதி அது. நமக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் செய்தது.

காப்பாளர் கலத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது, அம்மாச்சியின் தாய். அந்தப் பெயர் மாணவிக்கு அதுவரை தெரியாது. வீட்டில் எல்லாரும் 'கிழவி' என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். மறுநாள் அவள் ஒரு தாள் கொண்டுவந்தாள். கட்டங்களை அவளே வரைந்திருந்தாள். ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு, எல்லாம் பெண்கள். அம்மாச்சியின் கட்டத்தில் இரண்டு தேதிகள் இருந்தன. ஒன்றின் அருகில் 'பள்ளி சொன்னது' என்றும், மற்றதன் அருகில் 'கிழவி சொன்னது' என்றும் எழுதியிருந்தாள்.