மெய்ப்புத் திருத்தமும் செம்மையாக்கமும்

நூலொன்று வெளிவருமுன் அதனைத் திருத்துவோர் இருவர். கையெழுத்துப்படியைச் செப்பம் செய்பவர் செம்மையாக்குநர். அச்சுக்கோத்தபின் வரும் மெய்ப்பினைப் பார்ப்பவர் மெய்ப்புத் திருத்துநர். இவ்விரு பணிகளையும் ஒன்றென மயங்குவோர் பலர். ஆதலின் இவற்றின் வேறுபாட்டை ஈண்டு நோக்குவோம்.

வாக்கியம் பொருள் தருகின்றதா, செய்தி மெய்யானதா, பெயர்கள் ஒரே முறையில் எழுதப்பெற்றுள்ளனவா என ஆராய்வது செம்மையாக்கம். ஒரே கட்டுரையில் ‘முகம்மது’, ‘முஹம்மத்’, ‘முகமது’ என மூவகையாக வந்திருப்பின், ஆசிரியரைக் கலந்து ஒன்றை நிலைநிறுத்துதல் செம்மையாக்குநர் கடன்.

மெய்ப்புத் திருத்தமோ ஒப்புநோக்கும் பணி. செம்மை செய்த படியில் உள்ளதே அச்சில் வந்துள்ளதா என எழுத்தெழுத்தாகப் பார்ப்பதே அதன் எல்லை. லகர ளகர மாற்றம், விடுபட்ட ஒற்று, இருமுறை வந்த வரி ஆகியன மெய்ப்பாளர் கண்ணுக்குத் தப்பலாகாது.

சான்றொன்று காண்போம். ஹிஜ்ரத் நிகழ்ந்தது கி.பி. 622 இல். படியில் 622 என்றிருந்து, அச்சில் 662 என வந்தால், மெய்ப்பாளர் உடனே திருத்தலாம். படியிலேயே 662 என்றிருந்தால், அச்சும் படியும் ஒத்தே நிற்கும்; ஒப்புநோக்கினால் மட்டும் அப்பிழை வெளிப்படாது. அது செம்மையாக்கத்திலேயே களைந்திருக்க வேண்டியது. மெய்ப்பில் அதனைக் காண்பவர், ஓரத்தில் வினாக்குறியிட்டு ஆசிரியருக்கு அனுப்புதலே முறை.

தாமே திருத்தினால் என்ன என்று வினவலாம். ‘தீன் நெறி’ என்னும் தொடரில் தீன் என்பது மார்க்கத்தைக் குறிக்கும் அறபுச் சொல். அதனை அறியாதார் ‘தேன் நெறி’ என மாற்றிவிடின் மார்க்கமே மறைந்துபோம். கணினியின் பிழைதிருத்தியும் ‘தேன்’ என்பதைப் பிழையெனச் சுட்டாது.

சுவடிப் பதிப்பில் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842 இல் அச்சேறியது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். இவற்றினின்று உரிய பாடத்தைத் துணிதல் பதிப்பாசிரியரின் புலமை. துணிந்த பாடத்தை வழுவாமல் அச்சில் காத்தல் மெய்ப்பாளரின் பொறுமை.

அச்சேறிய பிழை நூலகத்தில் தங்கிப் பின்வருவோர்க்குச் சான்றாகிவிடும். எனவே மலர்களுக்கு எழுதும் மாணவச் செல்வங்கள் முதலில் தம் கட்டுரையைச் செம்மை செய்க. பின்னர் வரும் மெய்ப்பினைப் படியோடு ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டையும் ஒருவரே செய்ய நேரினும், இருவேறு பொழுதுகளில் செய்தல் நலம்.