மூட்டை ஒண்ணு, பில் ரெண்டு

கண்ணு, பீளமேட்டு பிஎஸ்ஜி டெக்கில் தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற உனக்குக் கோட்பாடு புதுசில்லை. சரவணம்பட்டியில வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதைக் கைவிட்டுடாதே. அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

திருப்பூர் நூல் கடை ஒண்ணை எடுத்துக்க. குடோன்ல ஒரே மூட்டை, கடையில ரெண்டு கவுன்ட்டர். முதல் கவுன்ட்டரோட த்ரெட் இருப்பைப் படிக்குது: 1. அது குறைச்சு எழுதறதுக்குள்ள அடுத்ததும் படிக்குது: அதுக்கும் 1. ரெண்டும் பில் போட்டு, ரெண்டும் இருப்பு 0-ன்னு எழுதுது.

டெஸ்ட் பண்ணியே இதைப் பிடிச்சிடலாம்னு நம்பாதே. ஆளுக்குப் பத்துப் படி ஓடுற ரெண்டு த்ரெட் முன்னும் பின்னுமா கலந்து ஓட 1,84,756 வழி இருக்கு. மூணாவது சேர்ந்தா 5 லட்சம் கோடியைத் தாண்டும். நடுவுல பிரின்ட் போட்டுப் பார்த்தா, வேகம் மாறிப் பிழையே ஒளிஞ்சுக்கும். 1985 முதல் 1987 வரை தெராக்-25 கருவி நோயாளிகளுக்கு அளவு மீறிக் கதிர் பாய்ச்சி உயிர் போனதுக்கு இந்த மாதிரிப் பிழையும் ஒரு காரணம்.

அதனால கோட் எழுதறதுக்கு முன்னாடியே, என்ன உண்மையா இருக்கணும்னு எழுதி வை. அந்த வரியை நிதானமா யோசி. 'இருப்பு 0-க்குக் கீழ போகக்கூடாது'ன்னு எழுதினா நம்ம பிழை தப்பிச்சிடும். இருப்பு 0-லதானே நிக்குது! 'ரெண்டு கவுன்ட்டரும் சும்மா இருக்கறப்ப, பில் போட்ட மூட்டையும் இருப்பும் சேர்ந்தா வந்த மூட்டைக்குச் சமம்'னு எழுது, மாட்டிக்கும். 'சும்மா இருக்கறப்ப' எதுக்குன்னா, பில் போட்டு இருப்பை எழுதறதுக்கு நடுவுல கணக்கு பொருந்தாது.

'மூட்டை இருந்து ஆளும் கேட்டா, என்னைக்காவது பில் விழுந்தே தீரணும்'கிறதும் வேணும். இல்லேன்னா யாருக்கும் எதையும் விற்காத புரோகிராம்கூடத் தேறிடும். ஐஐடி மெட்ராஸ்ல படிச்சு 1965-ல் பட்டம் வாங்கின மணி சாண்டி, ஜெயதேவ் மிஸ்ராவோட சேர்ந்து 1988-ல் கொண்டுவந்த யூனிட்டி புத்தகம், இந்த ரெண்டு வகை வரியையும் வெச்சே புரோகிராமை வளர்த்துக்கிட்டுப் போகும். பழசுன்னு ஒதுக்காம படி.

அப்புறம் ஸ்பின், டிஎல்ஏ பிளஸ் மாதிரி மாடல் செக்கிங் டூல் ஒண்ணுல மாடல் போடு. படிக்கிறது, எழுதறது ரெண்டையும் தனித்தனிப் படியா வை. சேர்த்துட்டா பிழையை நீயே மூடி மறைச்ச மாதிரி ஆகிடும். 2 கவுன்ட்டர், 1 மூட்டையில ஆரம்பி. எடுத்ததும் பெரிசாப் போட்டா மெமரி தாங்காது. சின்னது தேறினதால நூறு கவுன்ட்டருக்கும் சரின்னு சொல்லிடாதே, அதுக்கு நிரூபணம்தான் வேணும்.

டூல் காட்டுற பிழை வழியைப் பேப்பர்ல த்ரெட்டுக்கு ஒரு பத்தி பிரிச்சு, கையால ஓட்டிப் பாரு. அமேசான் டைனமோடிபியில டிஎல்ஏ பிளஸ் பிடிச்ச ஒரு பிழைக்கு, இருக்கறதுலயே குறுகின வழிக்கே 35 படி. சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் பி. ஸ்ரீவத்ஸனோட மாடல் செக்கிங் பாடம் என்பிடெல்ல இருக்கு. 'என்னைக்காவது' மாதிரி வரிகளை எழுத உதவுற டெம்போரல் லாஜிக் வர்ற வகுப்புகளை மட்டும் வேகமா ஓட்டிடாதே, கண்ணு.