மாளிகையும் மலையும் மக்களுக்கே

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது)

முன்னுரை

இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரியும் என் சித்தி சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். விடுமுறை நாள்களில் தாம் சுற்றிப் பார்த்த நாட்டுப்புறக் காட்சிகளின் படங்களை எங்களுக்குக் காட்டினார். மலை சூழ்ந்த ஏரி, கற்சுவர்களுக்கு நடுவே மேயும் ஆடுகள், வரிசை வரிசையாகச் சன்னல்கள் கொண்ட மாளிகை என ஒவ்வொன்றும் கண்ணைக் கவர்ந்தது. ஒரு படத்தில் சித்தி, வேலியைத் தாண்டுவதற்காக அமைத்த மரப்படியில் ஏறி ஒரு வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். "சித்தி, அது யாருடைய நிலம்?" என்று கேட்டேன். "யாரோ ஒரு பண்ணைக்காரருடையது. ஆனால் அந்தப் பாதை எல்லாருக்கும் உரியதடி" என்றார். ஒருவருடைய நிலத்தில் எல்லாருக்கும் உரிய பாதை எப்படி வந்தது? இக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை இக்கட்டுரையில் கூறுகிறேன்.

ஏரி நாடு

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் என்னும் பகுதி உள்ளது. பனியுகத்தில் பனியாறுகள் மலைகளைக் குடைந்து சென்றதால் ஏற்பட்ட பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கி ஏரிகள் உண்டாயின. அவற்றுள் மிகப் பெரியது விண்டர்மியர். அதன் நீளம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர். இங்கிலாந்திலேயே உயரமான சிகரமாகிய ஸ்காஃபெல் பைக்கும் இங்கேதான் உள்ளது. அதன் உயரம் 978 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டாவோடு ஒப்பிட்டால் அது பாதி உயரம்கூட இல்லை. ஆயினும் அதன் அழகு குறைந்ததன்று.

மலைச்சரிவுகளில் ஹெர்ட்விக் என்னும் இன ஆடுகள் மேய்கின்றன. பல இடங்களில் வேலியே இல்லை. எந்த மேய்ச்சல் நிலம் தன்னுடையது என்பதை ஒவ்வொரு குட்டியும் தன் தாயிடமிருந்து கற்றுக்கொள்கிறது! பள்ளத்தாக்குகளில் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் வெறும் கற்களை அடுக்கியே நெடுஞ்சுவர்கள் எழுப்பியிருக்கிறார்கள். எனவே இந்த எழில் இயற்கையால் மட்டும் வந்ததன்று, உழவர்களின் உழைப்பாலும் வந்ததாகும்.

கவிஞர் வோர்ட்ஸ்வொர்த் தம் தங்கை டாரத்தியுடன் 1799 முதல் 1808 வரை கிராஸ்மியர் என்னும் ஊரில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் ஏரிக்கரையில் நடந்து சென்றபோது டாஃபோடில் மலர்களைக் கண்டனர். அக்காட்சியை முதலில் எழுதி வைத்தவர் தங்கைதான். அண்ணனின் புகழ்பெற்ற பாடல் பின்னர் வந்தது. நாள்குறிப்பு எழுதச் சோம்பும் நாம் டாரத்தியை நினைத்துக்கொள்ளலாம்.

அறநிலையத்தின் பிறப்பு

மான்செஸ்டர் நகரம் வளர்ந்தபோது அதற்குக் குடிநீர் தேவைப்பட்டது. தேர்ல்மியர் என்னும் ஏரிக்கு அணைகட்டி நீர் கொண்டுசெல்ல 1879-இல் சட்டம் இயற்றப்பட்டது. பலர் எதிர்த்தும் தடுக்க இயலவில்லை. பள்ளத்தாக்கில் இருந்த வீடுகள் நீரில் மூழ்கின. 1894-இல் நீர் நகரை அடைந்தது. நகர மக்களின் தாகமும் உண்மை, பள்ளத்தாக்கின் இழப்பும் உண்மை. எதிர்ப்பதால் மட்டும் ஓர் இடத்தைக் காக்க முடியாது, அதை மக்கள் சார்பில் சொந்தமாக்கிக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் சிலருக்கு வலுப்பெற்றது.

அவர்களுள் ஒருவர் ஆக்டேவியா ஹில் அம்மையார். இலண்டன் ஏழைகளின் வீடுகளைச் சீர்திருத்தும் பணியை 1865-இல் தொடங்கியவர். வெளிச்சமற்ற அறைகளில் வாழ்வோருக்கு உணவும் உறைவிடமும் போலவே திறந்தவெளியும் தூய காற்றும் தேவை என்று அவர் நம்பினார். இவரும், சர் இராபர்ட் ஹண்டர் என்னும் வழக்கறிஞரும், ஏரி மாவட்டத்தில் பணியாற்றிய ரான்ஸ்லி என்னும் ஆங்கிலிக்கன் குருவும் சேர்ந்து 1895-இல் 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் அறநிலையத்தை நிறுவினர்.

அது வாங்கிய முதல் கட்டடம் அரண்மனை அன்று! சசெக்ஸ் பகுதியில் ஆல்ஃபிரிஸ்டன் என்னும் ஊரில் இருந்த, கூரை வேய்ந்த பழைய குருமனை ஒன்றை 1896-இல் 10 பவுனுக்கு வாங்கினர். அதன் தரை சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பாலால் மெழுகப்பட்டது. சாணம் மெழுகிய எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணை என் நினைவிற்கு வந்தது.

1902-இல் டெர்வெண்ட்வாட்டர் ஏரிக்கரையிலுள்ள பிராண்டல்ஹோ என்னும் நிலத்தை வாங்க 6,500 பவுன் தேவைப்பட்டது. பொதுமக்களே அதைத் திரட்டினர். ஷெஃபீல்டு நகர ஆலைத் தொழிலாளி ஒருவரும் ஒரு சிறு தொகை அனுப்பினார். வாழ்நாள் முழுதும் ஏரிகளைக் காண ஏங்கியும் இனித் தமக்கு அது வாய்க்காது என்றும், மற்றவர்களுக்காவது அவை நிலைக்கட்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். இதைப் படித்தபோது என் உள்ளம் உருகிற்று.

சிறுவர் நூல்கள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார், தம் நூல்களால் கிடைத்த பணத்தைக் கொண்டு ஏரி மாவட்டத்தில் பண்ணைகளை வாங்கினார். 1943-இல் அவர் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அறநிலையத்திற்கு விட்டுச் சென்றார்.

கண்ணாடி மாளிகையும் அடைபட்ட மலையும்

டார்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் மாளிகையைப் பெஸ் என்று அழைக்கப்பட்ட செல்வச் சீமாட்டி 1590-களில் கட்டினார். கண்ணாடி விலையுயர்ந்த பொருளாக இருந்த அக்காலத்தில், சுவரைவிடக் கண்ணாடியே மிகுதி என்று சொல்லும்படி பெரிய சன்னல்களை வைத்தார். கோபுரங்களின் உச்சியில் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் பொறித்தார். பிற்காலத்தில் இம்மாளிகை அவர் வழிவந்த டெவன்ஷயர் கோமகன்களுக்கு உரியதாயிற்று. 1950-இல் ஒரு கோமகன் இறந்தபோது, சொத்தின் மீது 80 விழுக்காடு இறப்பு வரி விதிக்கப்பட்டது. வரிக்கு ஈடாக ஹார்ட்விக் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, 1959-இல் அறநிலையத்தின் பொறுப்பிற்கு வந்தது. இன்று நுழைவுக் கட்டணம் செலுத்தும் எவரும் அந்தச் சீமாட்டியின் கூடத்தில் நடக்கலாம்.

அதே குடும்பத்திற்கு உரியதாக இருந்த கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம், பறவை வேட்டைக்காகப் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், சில நூறு தொழிலாள இளைஞர்கள் தடையை மீறி அங்கே நடந்தனர். காவலாளிகளோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐவர் சிறை சென்றனர். ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்கும் சட்டம் வந்தது. 1951-இல் அந்த மேட்டுநிலம் அடங்கிய பீக் மாவட்டம் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1982-இல் கிண்டர் ஸ்கவுட்டை அறநிலையம் வாங்கியது. 2002-இல், தம் பாட்டனார் காலத்தில் நிகழ்ந்தது தவறு என்று கூறி அக்காலத்துக் கோமகன் மக்கள் முன் வருத்தம் தெரிவித்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின் வந்தாலும், மன்னிப்பு மன்னிப்பே அல்லவா?

நம் ஊர்ப் பெயரும் உண்டு

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. சர்ரே பகுதியில் கிளேர்மாண்ட் என்னும் அழகிய தோட்டம் இருக்கிறது. அதை 1768-இல் வாங்கியவர் வேறு யாருமல்லர், நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் இராபர்ட் கிளைவ்தான்! 1744-இல் எழுத்தராகச் சென்னைக்கு வந்து, 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, 1757-இல் பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அங்கிருந்த பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிய மாளிகை எழுப்பினார். அம்மாளிகை இன்று ஒரு பள்ளிக்கூடம். தோட்டம் அறநிலையத்தின் பொறுப்பில் உள்ளது.

2020-இல் அறநிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடோ அடிமை வணிகத்தோடோ தொடர்பு உண்டு என்று அது கூறியது. சிலருக்கு இது பிடிக்கவில்லை. அழகைப் பார்க்க வந்தவர்களிடம் பழைய கணக்கை ஏன் சொல்ல வேண்டும் என்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழகை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தோட்டத்தைக் காப்பவர்கள் உண்மையையும் சேர்த்துக் காப்பதே முறையாகும்.

முடிவுரை

நாட்டுப்புறத்தில் நடப்போருக்குச் சில விதிகள் உண்டு என்று சித்தி கூறினார். பாதையை விட்டு விலகாதே, குப்பையை விட்டுச் செல்லாதே, நாயை ஆடுகளின் அருகே அவிழ்த்து விடாதே, திறந்திருந்த கதவைத் திறந்தே வை, மூடியிருந்த கதவை மூடிவிட்டுச் செல் என்பன அவை. எல்லாருக்கும் உரிமை உண்டு என்றால் எல்லாருக்கும் பொறுப்பும் உண்டு என்பதே இவற்றின் பொருள்.

அன்புத் தோழியரே! அந்த ஏரிகளை நான் என்றேனும் காண்பேனா என்று தெரியவில்லை. ஷெஃபீல்டு தொழிலாளியும் காணவில்லை. ஆயினும் அவர் அனுப்பிய சிறு தொகையும் சேர்ந்து வாங்கிய கரையில்தான், நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, என் சித்தி காலாற நடந்திருக்கிறார். தாம் காணப்போவதில்லை என்று தெரிந்தும் பிறர் காண வேண்டும் என்று கொடுப்பதே உயர்ந்த கொடை. அத்தகைய உள்ளம் நமக்கும் வாய்ப்பதாக!