பூதம் அழுகுணி ஆட்டம் ஆடுகிறதா?

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் நாங்கள் வலையை மடித்து வைத்துவிட்டு வீட்டோடு இருப்போம். அந்த நாட்களில் கைபேசியில் ஓர் ஆட்டம் ஆடுகிறேன். ஒரே நிறக் கல் மூன்றைச் சேர்த்தால் எதிரே நிற்கும் பூதத்துக்கு அடி விழும். அப்புறம் பூதத்தின் முறை. அதே பலகையில் அதுவும் கல் சேர்க்கும். நான் சேர்த்தால் மூன்றோடு நின்றுவிடுகிறது. பூதம் சேர்த்தாலோ மேலேயிருந்து விழும் கற்களும் தாமாகவே சேர்ந்துகொண்டு எனக்கு அடிமேல் அடி. செத்தால் மறுபடி முதலிலிருந்து. பாதையும் பூதங்களும்கூட மாறிவிடுகின்றன. அடுத்து என்ன கல் விழும் என்று பூதத்துக்கு முன்கூட்டியே தெரியுமா? பாடுபட்டு இவ்வளவு தூரம் வந்தவனை மொத்தமாக வெளியே தள்ளுவது என்ன நியாயம்?
— வாசகர் ஒருவர், கோட்டைக்குப்பம், பழவேற்காடு

பதில்: நண்பரே, ஒரே கடிதத்தில் இரண்டு வழக்குகள் தொடுத்திருக்கிறீர்கள். ஒன்று பூதத்தின் மேல், மற்றொன்று ஆட்டத்தைச் செய்தவர் மேல். வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வழக்கில் உங்களுக்குத் துணைக்கு ஆள் நிறைய உண்டு. கல் சேர்க்கும் ஆட்டத்தையும் முறை மாறி முறை அடித்துக்கொள்ளும் சண்டையையும் இணைத்துப் பெரிய வெற்றி கண்டது, ஆஸ்திரேலியாவின் இன்ஃபினிட் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, 2007-ல் வெளிவந்த 'பஸில் குவெஸ்ட்'. எட்டுக்கு எட்டுக் கட்டப் பலகை, ஏழு வகைக் கற்கள். நான்கு நிறக் கற்கள் மந்திரச் சக்தி தரும், மண்டையோடு சேர்த்தால் எதிரிக்கு அடி, நான்கு கல் சேர்த்தால் இன்னொரு முறை கிடைக்கும். ஆடிப் பார்த்தவர்கள் பலர் சொன்ன புகார் உங்களுடையதேதான்: இயந்திரம் ஏமாற்றுகிறது, மேலேயிருந்து வரும் கல் அதற்குத் தெரிகிறது. அதை வடிவமைத்த ஸ்டீவ் ஃபாக்னர், அப்படி எதுவும் இல்லை என்று மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

செய்தவர் சொன்னால் நம்பிவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். இந்தத் தொழிலில் ஏமாற்று வேலை உண்டுதான். ஆனால் அது பெரும்பாலும் ஆடுபவருக்குச் சாதகமாகவே நடக்கிறது. ஜப்பானின் 'ஃபயர் எம்ப்ளம்' வரிசையில் 2002 முதல் வந்த பல ஆட்டங்களில், உங்கள் அடி படும் வாய்ப்பு நூற்றுக்கு 90 என்று திரை காட்டினால், உள்ளே உண்மையில் அது 98. ஏன் இந்தக் கருணை? உள்ளபடியே 90 என்று வைத்தால் பத்தில் ஒரு தடவை தவறும். தவறினால், 'பார்த்தாயா, ஏமாற்றுகிறது' என்பார்கள். நேர்மையான அதிர்ஷ்டம் நமக்கு நேர்மையாகத் தெரிவதில்லை என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குப் பழகிப்போன உண்மை.

சரி, பூதத்துக்கு மட்டும் கல் ஏன் தானாகச் சேர்கிறது? இதற்கு 'கேஸ்கேட்' என்று பெயர். ஒரு சேர்க்கை உடைந்ததும் மேலே உள்ளவை சரிந்து, அந்தச் சரிவிலேயே அடுத்த சேர்க்கை உண்டாவது. கணக்குக்காக, ஐந்து முறைக்கு ஒரு முறை இப்படி நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சண்டையில் பூதத்துக்கு முப்பது முறை கிடைத்தால், அதில் எங்காவது அடுத்தடுத்து இரண்டு முறை சரிவு வந்து உங்களைத் துவைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு 64. ஆக, எந்தச் சூதும் இல்லாமலே பத்தில் ஆறு சண்டைக்கு மேல் நீங்கள் 'அநியாயம்' என்று கத்த வேண்டிவரும். உங்களுக்கும் அதே 64 உண்டு. ஆனால் உங்களுக்குச் சரிவு வந்தால் 'நன்றாக ஆடினேன்' என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறீர்கள். பூதத்துக்கு வந்தால், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வருவதால், ஒவ்வொன்றும் நினைவில் தங்கிவிடுகிறது.

ஆனாலும் உங்கள் சந்தேகம் முழுக்க மனப்பிரமை அல்ல. பூதத்துக்கு உண்மையாகவே ஒரு பலம் இருக்கிறது. மேலே வரப்போவதை அறியும் பலம் அல்ல, கீழே கிடப்பதைப் பார்க்கும் பலம். எட்டுக்கு எட்டுப் பலகையில் பக்கத்துப் பக்கத்துக் கற்களை இடம் மாற்ற 112 வழிகள் உண்டு: குறுக்கே 56, நெடுக்கே 56. ஒவ்வொரு முறையும் இயந்திரம் 112-ஐயும் ஒரு நொடிக்குள் சோதித்துவிடும். நாமோ நாலைந்து இடத்தைப் பார்த்ததும், கண்ணில் பட்ட முதல் நல்ல சேர்க்கையில் கையை வைத்துவிடுகிறோம். மூலையில் கிடக்கும் நான்கு கல் சேர்க்கையை நாம் தவறவிடுவோம், பூதம் விடாது. நான்கு சேர்த்தால் அதற்கு மறுபடியும் முறை. நமக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிகிறது. (எளிது, கடினம் என்று நிலை வைத்திருக்கும் ஆட்டங்கள் பலவற்றில், எளிய நிலையில் பூதம் வேண்டுமென்றே சிலவற்றைத் தவறவிடும்படி எழுதியிருப்பார்கள்.)

இரண்டாவது காரணம் நம் கையாலேயே வருகிறது. பலகை இருவருக்கும் பொது. நீங்கள் உடைத்துக் கலைத்த பலகையை முதலில் பார்ப்பது பூதம். கீழ் வரிசையில் குறுக்கே மூன்றை உடைத்தால் அதற்கு மேலுள்ள 21 கற்கள் ஒரு படி இறங்கும், மேலே மூன்று புதுக் கற்கள் வரும். எத்தனை புது அண்டை அயல்கள் என்று பாருங்கள்! மேல் வரிசையில் உடைத்தால் அந்த மூன்று புதுக் கற்களைத் தவிர வேறு எதுவும் அசையாது. ஆகவே கீழே உடைத்தால் சரிவு உங்களுக்கு வரலாம். வராவிட்டால் அத்தனையும் கலைந்த ஒரு புதுப் பலகையைப் பூதத்தின் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது: தோற்கும் நிலையில் இருந்தால் கீழே உடையுங்கள், அதிர்ஷ்டம் உங்களுக்குத் தேவை. ஜெயிக்கும் நிலையில் இருந்தால் மேலே உடையுங்கள், அதிர்ஷ்டம் யாருக்கும் வேண்டாம். நான்கு சேர்க்கும் வாய்ப்பு இருந்தால் கவலையில்லாமல் கீழேயே உடையுங்கள். அடுத்த முறையும் உங்களுடையதுதான்.

இனி இரண்டாவது வழக்கு. செத்தால் முதலிலிருந்து தொடங்கவைக்கும் ஆட்டங்களை 'ரோக்லைக்' என்பார்கள். 'ரோக்' என்ற ஆட்டத்தின் வழியில் வந்தவை. 1980 வாக்கில் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற இரு மாணவர்கள் எழுதியது அது. பிறகு கென் அர்னால்டும் சேர்ந்துகொண்டார். படமே கிடையாது. புள்ளி, கோடு, எழுத்துகளால் வரைந்த ஒரு நிலவறை. ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் 26 பூதங்கள். அதுவரை வந்த சாகச ஆட்டங்களை ஒரு தடவை முடித்துவிட்டால் மறுபடி ஆட ஒன்றும் இருக்காது. எழுதியவருக்கோ முதல் தடவையே எல்லாம் தெரியும். தாங்கள் எழுதியது தங்களையே திகைக்கவைக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். அதனால் நிலவறையை ஒவ்வொரு தடவையும் கணினியே புதிதாகக் கட்டும்படி செய்தார்கள். செத்தால் செத்ததுதான், பழைய இடத்திலிருந்து தொடர முடியாது. இந்த இரண்டாவது விதிக்குப் 'பெர்மாடெத்', அதாவது மீளாச் சாவு, என்று பெயர்.

இந்த இரண்டு விதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. பாதை மாறாமல் சாவு மட்டும் இருந்தால், பத்தாவது தடவை நீங்கள் மனப்பாடமாக ஆடுவீர்கள். அது தண்டனை மட்டுமே. சாவு இல்லாமல் பாதை மட்டும் மாறினால் எந்த முடிவுக்கும் எடை இருக்காது. 'பஸில் குவெஸ்ட்'டில் ஒரு சண்டையில் தோற்றாலும் பெரிதாக எதையும் இழப்பதில்லை, மறுபடி போய் மோதலாம். கல் ஆட்டத்துக்கு இயல்பாகவே ஞாபகம் கிடையாது. இந்தப் பலகை முடிந்தால் அடுத்த பலகை, நேற்று எப்படி ஆடினீர்கள் என்பது இன்றைக்குப் பொருட்டே இல்லை. ரோக்லைக் அதற்கு ஒரு நீண்ட ஞாபகத்தைக் கொடுக்கிறது. முதல் சண்டையில் வீணாக இழந்த உயிர்ச்சக்தி ஏழாவது சண்டையில் உங்களைக் கேள்வி கேட்கும்.

'சரி, ஆனால் அதிர்ஷ்டத்தால் சாவது நியாயமா?' என்று நீங்கள் விடமாட்டீர்கள். இதற்கு விடை, அதிர்ஷ்டம் எந்த இடத்தில் நுழைகிறது என்பதில் இருக்கிறது. நீங்கள் முடிவெடுப்பதற்கு முன்னால் வரும் அதிர்ஷ்டத்தை ஆட்டம் செய்பவர்கள் 'இன்புட் ரேண்டம்னஸ்' என்றும், முடிவெடுத்த பிறகு வருவதை 'அவுட்புட் ரேண்டம்னஸ்' என்றும் பிரிக்கிறார்கள். உங்கள் ஊர்க்காரருக்கு இதை நான் விளக்குவது கொஞ்சம் அதிகப்பிரசங்கம்தான். ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது சுத்து வலை போடுவது என்பதைப் பாடு முறையில், சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்த்துக்கொள்கிறீர்கள். சீட்டில் என்ன விழும் என்பது அதிர்ஷ்டம், ஆனால் அது தெரிந்த பிறகுதான் உங்கள் யோசனை தொடங்குகிறது. வலை போட்ட பிறகு எத்தனை இறால் படும் என்பது இன்னோர் அதிர்ஷ்டம், அதன்மேல் உங்களுக்குப் பிடி குறைவு. நம் வீட்டுத் திண்ணை ஆட்டங்களிலும் இந்தப் பிரிவு உண்டு. பரமபதத்தில் முடிவெடுக்கவே எதுவும் இல்லை, விழுந்த எண்ணுக்கு நடக்க வேண்டியதுதான். தாயத்தில் எண் முதலில் விழும், எந்தக் காயை நகர்த்துவது என்பது உங்கள் பொறுப்பு. ஆடு புலி ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே கிடையாது.

கல் சேர்க்கும் சண்டையில் இரண்டு வகையும் கலந்து வருகின்றன. கண்முன் கிடக்கும் பலகை முதல் வகை, உடைத்த பிறகு மேலேயிருந்து விழுவது இரண்டாம் வகை. மீளாச் சாவு என்ற கடும் விதியை வைத்த பிறகு, நல்ல வடிவமைப்பாளர் இரண்டாம் வகையைக் கட்டுக்குள் வைத்து முதல் வகையைப் பெருக்குவார். ஐபோனில் வந்த 'டஞ்சன் ரெய்ட்' ஒரு நல்ல உதாரணம். அதில் எதிரே பூதம் நின்று கல் சேர்ப்பதில்லை. வாள், கேடயம், மருந்து, காசு ஆகியவற்றோடு எதிரிகளும் மண்டையோட்டுக் கட்டங்களாகப் பலகையிலேயே நிற்பார்கள். உங்கள் முறை முடிந்ததும் மிச்சமிருக்கும் மண்டையோடுகள் சேர்ந்து அடிக்கும். எத்தனை நிற்கின்றன என்பது முன்பே கண்ணுக்குத் தெரிவதால், மருந்தைச் சேர்ப்பதா மண்டையோட்டை உடைப்பதா என்பதுதான் கேள்வி. பூதத்தின் மேல் பழிபோட அங்கே பூதமே இல்லை. 2019-ல் முழு வடிவில் வந்த 'ஸ்லே த ஸ்பையர்' சீட்டு ஆட்டம். அதில் எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் தலைக்கு மேலேயே காட்டிவிடுவார்கள். சண்டையில் வென்றதும் மூன்று சீட்டுகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எந்த மூன்று வரும் என்பது அதிர்ஷ்டம், எதை எடுப்பது என்பது நீங்கள். இந்த உத்திகள் இன்றைக்குக் கல் சேர்க்கும் ரோக்லைக்குகளிலும் பரவலாகப் புழங்குகின்றன. உங்கள் ஆட்டத்தில் பூதத்தின் தலைக்கு மேல் ஏதாவது சின்னம் தெரிந்தால் அதை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆகவே இரண்டாவது வழக்கில் என் தீர்ப்பு இது: முதலிலிருந்து தொடங்குவது அநியாயம் அல்ல, ஆனால் உங்களைக் கொன்ற அடி எங்கேயிருந்து வரும் என்று முன்பே பார்த்திருக்க வழியில்லை என்றால், அது அநியாயம். இதை வைத்து எந்த ஆட்டத்தையும் எடை போடலாம். தோற்ற பிறகு 'அந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம்' என்று ஓரிடத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தால் ஆட்டம் நல்லது. ஒவ்வொரு தடவையும் 'என்னால் என்ன செய்திருக்க முடியும்' என்றுதான் தோன்றினால் வேறு ஆட்டம் தேடுங்கள். குறிப்பாக, இலவசம் என்று சொல்லிவிட்டு, நீங்கள் தோற்ற அடுத்த நொடியே காசு கொடுத்து உயிர் வாங்கச் சொல்லும் ஆட்டங்களில் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம். அங்கேயும் விழும் கல்லில் சூது இருக்க வேண்டிய அவசியமில்லை; பூதத்தின் பலத்தைக் காசு கொடுத்தால்தான் வெல்ல முடிகிற அளவில் வைத்துவிட்டாலே போதும்.

பூதத்தின் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று பூதத்துக்கு. யாருக்குத் தானாகச் சரிவு வந்தாலும் அவரவர் பத்தியில் ஒரு கோடு. நான்கு கல் சேர்த்ததை இதில் சேர்க்காதீர்கள், அது திறமைக் கணக்கு. சில சண்டைகள் போதாது, நூறு இருநூறு முறையாவது எண்ணுங்கள். இரண்டு பத்தியும் ஏறக்குறைய சமமாக வந்தால் பூதத்தை விடுதலை செய்துவிட்டு, அந்த 112 வழிகளில் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தேடப் பழகுங்கள். பூதத்தின் பத்தி மட்டும் இரண்டு மடங்கு வந்தால் காகிதத்தை எனக்கு அனுப்புங்கள். வழக்கை மறுபடி விசாரிப்போம்.