மேகக் கிடங்கிற் கோப்புத் திறவாவிடின்

ஏடும் எழுதுகோலுமே துணையாக ஆய்வேடு முடிக்கும் மாணாக்கர் இந்நாளில் அரியர். நாம் எழுதுவனவெல்லாம் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் முதலிய மேகக் கிடங்குகளிற் சென்று சேர்கின்றன. தொலைவிலுள்ள கட்டடங்களில் இடையறாது இயங்கும் கணினிகளின் தொகுதியே மேகம் என்னும் பெயர் பெற்றது. அங்கு வைத்த கோப்பு, ஒப்புவிக்க வேண்டிய நாளிலே திறவாதொழியின் மாணாக்கர் படும் பாடு சொல்லுந்தரத்ததன்று. ஆயினும் திறவாமை வேறு, இழப்பு வேறு. இவ்வேற்றுமை உணராது விரைந்து செய்யும் செயல் சிலகால் திறவாமையை இழப்பாக்கி விடுகின்றது. ஆதலின், தடை எவ்விடத்ததென ஆராயும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கோப்பு நம் கைக்கு எட்டுதற்கு இணையம், சேவை, கணக்கு, உரிமை என்னும் நான்கு வாயில்களும் திறந்திருத்தல் வேண்டும். அவற்றை இம்முறையே சோதித்தல் நன்று.

முதலாவது இணையம். வேறு தளங்கள் திறக்கின்றனவா எனக் காண்க. அவை திறந்து கோப்பு மட்டும் திறவாதாயின், கல்லூரி வைஃபையை விடுத்துக் கைப்பேசியின் இணையத்தால் முயல்க. அவ்வாறு திறப்பின், தடை கல்லூரி வலையமைப்பிலுள்ளது என்று கொள்ளலாம்.

இரண்டாவது சேவை. 2020 டிசம்பர் 14ஆம் நாள், கணக்குகளைச் சரிபார்க்கும் கூகுளின் அமைப்புப் பழுதுற்றமையால், ஜிமெயிலும் டிரைவும் உலகெங்கும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தடைப்பட்டன. அத்தகைய வேளையிற் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை, பொறுத்திருத்தலே மருந்து. சேவையின் நிலையை அறிவிக்கும் பக்கத்தை இந்நிறுவனங்கள் வைத்துள்ளன. அதனை நோக்குக, நண்பரையும் வினவுக.

மூன்றாவது கணக்கு. நம்மனோர்க்கு அடிக்கடி நேர்வது இத்தடையே. ஒரே உலாவியிற் சொந்தக் கணக்கும் கல்லூரிக் கணக்கும் ஒருங்கே திறந்திருக்கும். கோப்பு ஒன்றற்கு உரியதாக, உலாவி மற்றொன்றின் பெயரால் வாயிலைத் தட்டும்; அனுமதி வேண்டும் என்னும் விடை வரும். பக்கத்தின் மேல் மூலையிற் காணும் படத்தைத் தொட்டு உரிய கணக்கிற்கு மாறுக. அன்றேல், இன்காக்னிட்டோ சாளரத்தில் அக்கணக்கால் மட்டும் நுழைந்து பார்க்க.

நான்காவது உரிமை. பிறர் நம்முடன் பகிர்ந்த கோப்பு அவருடையதே. அவர் பகிர்வை நீக்கினும் கோப்பை அழிப்பினும் அது நமக்கு எட்டாததாகும். பட்டம் பெற்றோரின் கணக்கை நிறுத்திவிடுங் கல்லூரிகளும் உள. ஆதலின் இறுதியாண்டினர், தமக்கு வேண்டுவனவற்றை முன்னரே தம் கணினியில் இறக்கிக்கொள்வாராக.

நான்கு வாயிலும் திறந்திருந்தும் கோப்பைக் காணாவிடின், அதன் பெயரால் தேடுக. பின்னர்க் குப்பைத்தொட்டியைத் துருவுக. கூகுள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள் அங்குக் கிடக்கும். அதன்பின் அறவே நீங்கும். விலையின்றிக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம் நிறைந்துவிடின் பழையன அழியா. ஆயின் புதியன உட்புகா. நேற்றெழுதிய பகுதி கிடங்கிற் சேராமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். 2023 நவம்பரிற் கூகுள் டிரைவின் கணினிச் செயலியைப் பயன்படுத்தினோர் சிலர் தம் கோப்புக்களைக் காணாது திகைத்தனர். செயலியினின்று கணக்கைத் துண்டிக்கற்க, அதன் தரவுக் கோப்புறையை அழிக்கற்க என அந்நிறுவனம் அறிவித்தது. மேகத்தை எட்டாத கோப்பு அக்கணினியில் மட்டுமே இருத்தல் கூடும் அன்றோ? ஆகவே செயலியை நீக்கி மீண்டும் நிறுவுமுன், கணினியிலுள்ளவற்றை வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் கடன்.

இனி, ஒத்திசைவு என்பதும் காப்புநகல் என்பதும் ஒன்றெனக் கருதுவார் பலர். ஒத்திசைவில் ஓரிடத்து அழித்தது எல்லாவிடத்தும் அழியும். தனியே நிற்கும் படியே காப்பாகும். தென்கொரியாவின் டேஜியோன் நகரில் 2025 செப்டம்பர் 26ஆம் நாள் அரசின் தரவு மையம் தீப்பற்றியது. அரசு அலுவலர் தம் கோப்புக்களைச் சேர்த்திருந்த ஜி-டிரைவ் என்னுங் கிடங்கில் 858 டெராபைட் அழிந்தது. வெளியே காப்புநகல் இல்லாமையே அவ்விழப்பிற்குக் காரணம். பேரரசுக்குரிய கிடங்கும் தீக்கு இரையாகும் எனின், நம் ஆய்வேட்டிற்கு ஒரே இடம் போதுமோ?

ஆதலின், அன்பர்காள், கோப்புத் திறவாதபோது கலங்காது வாயில்களை வரிசையாக ஆராய்மின். திறக்கின்ற நாளிலேயே அதன் படியொன்றைப் பென் டிரைவிலேனும் நண்பர் கணினியிலேனும் வைம்மின். ஓராண்டு உழைப்பை ஒரு நாழிகைத் தடை அழிக்காதிருத்தற்கு அதுவே வழியாம்.